வலது மூக்கில் மட்டும் தண்ணீர் சொட்டுகிறது, மூக்கு வழியாகவே ஆபரேஷன் என்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கோத்தகிரி_மகள்

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 48 வயது. எங்களுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் உண்டு. கொழுந்து பறிப்பது, மூட்டை கட்டுவது எல்லாம் அம்மாதான். மழை விட்டதிலிருந்து அவருக்கு வலது மூக்கில் மட்டும் சொட்டிக்கொண்டிருக்கிறது. சளி மாதிரி இல்லை, பச்சைத் தண்ணீர். குனிந்து பாத்திரம் கழுவினால் குழாயோடு சேர்ந்து மூக்கும் சொட்டும், நிமிர்ந்தால் நின்றுவிடும். மல்லாந்து படுத்தால் தொண்டையில் உப்புக் கரிக்கிறது என்பார். அவ்வப்போது தலைவலி, காதில் நாடி துடிப்பது போல ஒரு சத்தம்.

இங்கே அலர்ஜி என்று மாத்திரையும் ஸ்ப்ரேயும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை. இப்போது கோவையில் ஒரு ஈஎன்டி டாக்டரிடம் காட்டினோம். முன்னால் குனியச் சொல்லிப் பார்த்துவிட்டு, இது சளியில்லை, மூளையைச் சுற்றியிருக்கும் நீர் ஒழுகுகிறது என்றார். தலையில் அடிபட்டதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அப்படி எதுவும் நடக்கவில்லை. சிடி, எம்ஆர்ஐ இரண்டும் எடுத்தாயிற்று. ரிப்போர்ட்டில் ‘எம்டி செல்லா’ என்று இருக்கிறது. மூக்கு வழியாகக் கேமரா விட்டு அடைத்துவிடலாம் என்கிறார்.

வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மூளை என்றாலே மண்டையைத் திறப்பார்கள் என்று பெரியப்பா பயப்படுகிறார். பாட்டி நீலகிரித் தைலம் விட்டு ஆவி பிடித்தால் போதும் என்கிறார். அம்மாவோ ஹெத்தையம்மன் பண்டிகை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று ஒரே பிடிவாதம். தள்ளிப்போடலாமா? மூக்கு வழியாகச் செய்வது நிலைக்குமா? செய்துகொண்டவர்கள் யாராவது இங்கே இருந்தால் எழுதுங்கள்.


பனிமூட்டம்

நவம்பர், டிசம்பரில் மலையில் யாருக்குத்தான் மூக்கு ஒழுகவில்லை? எனக்கே காலையில் கதவைத் திறந்தால் மதியம் வரை ஒழுகும். இதற்குப் போய் ஆபரேஷனா? கோவைக்குப் போனாலே ஸ்கேன், அட்மிஷன் என்று இழுத்துவிடுவார்கள். இன்னொரு டாக்டரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.


தியேட்டர்_சிஸ்டர்

இன்னொரு டாக்டரிடம் காட்டுவதில் தப்பே இல்லை. ஆனால் "இங்கே எல்லோருக்கும் ஒழுகும்" என்கிற பேச்சால்தான் நம் பக்கத்து ஆட்கள் பலர் மாதக்கணக்கில் அலர்ஜி மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஈஎன்டி ஆபரேஷன் தியேட்டரில் ரொம்ப வருஷம் இருந்தவள் என்பதால் சொல்கிறேன்.

அலர்ஜி பெரும்பாலும் இரண்டு மூக்கிலும் வரும். தும்மல், அரிப்பு, மூக்கடைப்பு, கண் எரிச்சல் கூடவே வரும். மூளைநீர் பெரும்பாலும் ஒரே பக்கம் வரும், குனிந்தால் கூடும், உப்புக் கரிக்கும், எந்த அலர்ஜி மாத்திரைக்கும் அடங்காது. இன்னொன்று, கைக்குட்டையில் பட்டுக் காய்ந்தால் சளி மொடமொடவென்று நிற்கும். இந்த நீர் அப்படி விறைக்காது. இதை வைத்து முடிவுகட்ட முடியாது, சந்தேகப்படலாம், அவ்வளவுதான்.

முடிவாகச் சொல்வது பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் பரிசோதனை. அது மூளைநீரில் இருக்கிற புரதம். கண்ணீரிலோ சளியிலோ இருக்காது. அம்மாவுக்கு எடுத்தார்களா? சில இடங்களில் சர்க்கரை பார்க்கிற பட்டையை மூக்குத் தண்ணீரில் நனைத்துப் பார்ப்பார்கள். அதை நம்பாதீர்கள். கண்ணீர் கலந்தாலும் காட்டும், சர்க்கரை நோயாளிக்கும் காட்டும்.


கோத்தகிரி_மகள்

எடுத்தோம் சிஸ்டர். கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டில் கொடுத்து, வீட்டிலேயே பிடித்துக் கொண்டுவரச் சொன்னார்கள். அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தலையை முழங்காலுக்கு நடுவில் தொங்கவிட்டு, பாட்டிலை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். முதலில் ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மடமடவென்று ஏழெட்டுச் சொட்டு, அப்புறம் நின்று நின்று. பாட்டிலின் அடி நிறைவதற்குள் அவருக்குக் கழுத்து வலி வந்துவிட்டது. ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் முதல் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கூடவே ரத்தமும் எடுத்தார்கள். மாதிரி வெளியூர் லேபுக்குப் போய், பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது.


தியேட்டர்_சிஸ்டர்

அப்படியென்றால் சந்தேகமே இல்லை. பனிமூட்டம் சார், இனி இதை ஜலதோஷத்தில் சேர்க்காதீர்கள்.


வெலிங்டன்_அக்கா

நான் செய்துகொண்டவள். இடது பக்கம். எனக்கும் அடி எதுவும் படவில்லை. உடம்பு மட்டும் கொஞ்சம் கனம்.

முந்தின நாள் அட்மிஷன். ஆபரேஷன் அன்று முதுகில் ஊசி வழியாக மஞ்சள் சாயம் ஒன்று போட்டார்கள், ஃப்ளோரசின் என்று பெயர். அது மூளைநீரோடு கலந்து ஓட்டை இருக்கிற இடத்தில் பச்சையாக வழியுமாம், கேமராவில் அங்கேதான் கசிகிறது என்று தெரியுமாம். எல்லா டாக்டரும் போடுவதில்லை என்றும், ரொம்பக் குறைந்த அளவில்தான் போட வேண்டும் என்றும் முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். அடுத்த நாள் சிறுநீர் பளீரென்று மஞ்சளாகப் போனது. யாரும் சொல்லாமல் இருந்திருந்தால் மஞ்சள்காமாலை என்றே பயந்திருப்பேன்.

முகத்தில் ஒரு வெட்டு கிடையாது. எனக்கு மூக்கைவிடத் தொடைதான் வலித்தது. தொடைத் தசைக்கு மேலே இருக்கிற உறையில் ஒரு துண்டு எடுத்துத்தான் உள்ளே வைத்திருக்கிறார்கள். நடந்தால் இழுக்கும். மூக்கில் பஞ்சு அடைத்திருந்ததால் வாயால்தான் மூச்சு, உதடு காய்ந்து வெடித்துவிட்டது. ஈரத்துணியைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சை எடுக்கும்போது மண்டைக்குள்ளிருந்து ஏதோ உருவுவது போல இருக்கும், சில நொடிதான்.

அதன் பிறகு குனிந்தால் சொட்டவில்லை. முதல் தடவை குனிந்து செருப்பு மாட்டியபோது கையை மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் குனிந்தேன், பழக்கம்.


கேத்தி_வாத்தியார்

என் மைத்துனருக்கு 90-களில் இதே பிரச்சினை. அவருக்கு நெற்றிக்கு மேலே மண்டையோட்டைத் திறந்துதான் அடைத்தார்கள். இன்றைக்கும் நன்றாக இருக்கிறார், வாசனை மட்டும் தெரியாது. கண்ணெதிரே பார்த்து அடைப்பது உறுதியா, மூக்குத் துவாரம் வழியாக ஒட்டுப்போடுவது உறுதியா? பெரியவர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். படித்தவர்கள் விளக்கலாம்.


ஈஎன்டி_பிஜி

வாத்தியார் ஐயா கேட்டது நல்ல கேள்வி. ஈஎன்டி மேற்படிப்பில் இருக்கிறேன், என் ஆசிரியர்கள் செய்வதைப் பார்த்து எழுதுகிறேன். அம்மாவுடைய ஸ்கேனைப் பார்க்காமல் அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்ல முடியாது.

மண்டையைத் திறந்து இந்தக் கசிவை அடைத்துக் காட்டியவர் அமெரிக்க மூளை அறுவை டாக்டர் வால்டர் டாண்டி, 1926-ல். பல பத்தாண்டுகள் அதுதான் வழி. அந்த முறையில் மூளையின் முன்பகுதியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டைக்குப் போக முடியும். போகிற வழியில் வாசனை நரம்பு அறுபட்டுப்போவது சகஜம், உங்கள் மைத்துனருக்கு நேர்ந்தது போல. 1981-ல் ஜெர்மன் ஈஎன்டி டாக்டர் விகாண்ட், எண்டோஸ்கோப் என்கிற மெல்லிய பார்வைக்குழாய் வைத்து மூக்கு வழியாக அடைத்தார். அதன் பிறகு கேமராவும் கருவிகளும் வளர வளர இதுவே முதல் தேர்வாகிவிட்டது. இன்று கை தேர்ந்தவர்களிடம் முதல் முயற்சியிலேயே 90 சதவீதத்துக்கு மேல் அடைபடுகிறது. மண்டையைத் திறப்பது மூக்கு வழியாக எட்டாத இடங்களுக்கும் வேறு சிக்கல் உள்ளவர்களுக்கும்தான்.

"ஒட்டுப்போடுவது" என்றால் மேலே ஏதோ தடவிவிடுவது அல்ல ஐயா. முதலில் ஓட்டையைச் சுற்றியிருக்கும் சளிச்சவ்வை ஒதுக்கி எலும்பை வெளியே தெரியவைப்பார்கள். சவ்வை மிச்சம் விட்டால் ஒட்டு பிடிக்காது. ஓட்டை வழியாக மூளை உறையோ மூளையின் சிறு துணுக்கோ பிதுங்கி வந்திருக்கும், அதை மின்சூட்டால் சுருக்குவார்கள். பிறகு எலும்புக்கும் மூளை உறைக்கும் நடுவே தொடை உறையையோ கொழுப்பையோ குருத்தெலும்பையோ செருகுவார்கள். அதன் மேல் மூக்கின் சவ்வு, அதன் மேல் ஃபைப்ரின் பசை (ரத்தத்தை உறையவைக்கிற புரதத்தால் ஆனது), கடைசியில் பஞ்சு. ஓட்டை பெரிதாக இருந்தால் மூக்கின் நடுச்சுவர்ச் சவ்வை அதன் ரத்தக்குழாயோடு சேர்த்தே திருப்பிப் போட்டு மூடுவார்கள். 2006-ல் வந்த முறை இது, அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹதாத், பாசகாஸ்தெகி இருவர் பெயரில் வழங்குகிறது. உயிரோடு ரத்த ஓட்டம் உள்ள சவ்வு என்பதால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

எங்கே ஓட்டை என்பதைப் பொறுத்து வேலையின் கஷ்டம் மாறும். வாசனை நரம்பு இறங்குகிற கிரிப்ரிஃபார்ம் தட்டு என்றால் நேராகப் போய்விடலாம். மூக்குக்குப் பின்னால் ஆழத்தில் இருக்கிற ஸ்பீனாய்டு சைனஸின் (எலும்புக்குள் உள்ள காற்றறை) பக்கவாட்டு மூலை என்றால் கன்னத்து சைனஸின் பின்சுவரைத் திறந்து சுற்றிப் போக வேண்டும். கன்னம் மரத்துப்போவது, கண் வறண்டுபோவது போன்ற தொந்தரவு சிலருக்கு வரலாம். எந்த இடம் என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.


பனிமூட்டம்

சரி, ஜலதோஷம் இல்லை என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சின்ன ஓட்டை என்றால் தானாகவே மூடிக்கொள்ளாதா? என் நண்பனுக்கு பைக்கில் விழுந்து இப்படி ஒழுகியது. படுக்கையில் வைத்தார்கள், நின்றுவிட்டது.


ஈஎன்டி_பிஜி

அடிபட்டு வருவது பெரும்பாலும் தானாகவே நிற்கும். அங்கே நல்ல எலும்பில் விரிசல் விழுகிறது, ஆறுகிறது. தானாக வருகிற கசிவு வேறு கதை. இவர்களில் பெரும்பாலோருக்கு மண்டைக்குள் மூளைநீரின் அழுத்தம் வருஷக்கணக்காகக் கூடுதலாக இருந்திருக்கும். நடுவயதுப் பெண்கள், உடல் எடை அதிகம் உள்ளவர்கள் இதில் அதிகம். நாடித்துடிப்போடு சேர்ந்து அந்த அழுத்தம் மண்டையின் அடித்தட்டு எலும்பை இடித்து இடித்து மெலியவைத்து, ஒருநாள் திறந்துவிடுகிறது. எம்ஆர்ஐ-யில் வந்த ‘எம்டி செல்லா’ அதன் தடயம்தான். பிட்யூட்டரி சுரப்பி உட்கார்ந்திருக்கும் குழிக்குள் நீர் இறங்கிச் சுரப்பியை அடியில் தட்டையாக்கியிருக்கும். காதில் நாடி துடிக்கிற சத்தமும் இதோடு சேர்ந்துதான் வரும்.

மெலிந்துபோன எலும்பு, குறையாத அழுத்தம். இப்படிப்பட்ட ஓட்டை தானாக மூடுவது அபூர்வம். நடுவில் சில நாள் நின்றதுபோல இருக்கும், மறுபடி வரும்.

தள்ளிப்போடலாமா என்று கேட்டீர்கள். மூக்கிலிருந்து மூளை உறைக்கு வழி திறந்திருக்கிறது. எந்தக் கிருமியும் அதில் ஏறலாம். மூளைக்காய்ச்சல் வந்தால் உயிருக்கே ஆபத்து. நாளைக்கே அவசரமாகச் செய்ய வேண்டியது இல்லை, ஆனால் காரணமே இல்லாமல் மாதக்கணக்கில் வைத்திருக்கவும் கூடாது. இடைப்பட்ட நாளில் நியூமோகாக்கல் தடுப்பூசி போட வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். வரும்முன் காக்க என்று ஆன்டிபயாடிக்கை மாதக்கணக்கில் விழுங்குவதால் பலன் இருப்பதாக ஆதாரம் இல்லை. காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வாந்தி, வெளிச்சம் பார்த்தால் கண் கூசுவது, பேச்சு குழறுவது என்று எது வந்தாலும் பண்டிகை, பஸ் எதையும் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.


மலைத்தேன்_வைத்தியசாலை

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது. மூக்கில் விடுகிற எண்ணெய் விற்பனை விளம்பரம், தொலைபேசி எண்ணுடன். – மட்டுறுத்துனர்]


தியேட்டர்_சிஸ்டர்

நீக்கியதற்கு நன்றி. படித்துவிட்டவர்களுக்காகச் சொல்கிறேன். மூளைநீர் கசிகிற மூக்கில் எண்ணெய் விடக்கூடாது, நசியம் (மூக்கில் மருந்து விடுவது) கூடாது, ஜலநேத்தி (மூக்கைத் தண்ணீர் விட்டுக் கழுவுவது) கூடாது. மூக்கைப் பிடித்துப் பலமாகச் சிந்தக் கூடாது, காற்றும் கிருமியும் மேலே ஏறும். பாட்டியின் தைல ஆவி சளிக்கு நல்லதுதான், நானே பிடிப்பேன், ஆனால் எலும்பில் விழுந்த ஓட்டையை ஆவி அடைக்காது. பாட்டி மனசு நோகாமல், ஆபரேஷன் முடியட்டும் என்று சொல்லிவிடு மகளே.

இன்னொன்றும் இருக்கிறது. ஸ்ப்ரேயை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் அடிக்கிறவர்கள் நம் மலையில் எத்தனை பேர்! ஒரு தடவைகூட மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.


கூடலூர்_தம்பி

என் அக்காவுக்கு நடந்ததை எழுதுகிறேன். யாரையும் பயமுறுத்த இல்லை. மூக்கு வழியாக அடைத்தார்கள், நன்றாக அடைபட்டது, வீட்டுக்கு அனுப்பினார்கள். அழுத்தம் பற்றி யாரும் பேசவே இல்லை. கொஞ்ச நாளில் தலைவலி பிடித்தது. முன்பு இருந்ததைவிடப் பயங்கரம், காலையில் எழுந்ததும் மண்டை வெடிக்கும். கண்ணில் பார்வை அவ்வப்போது திரை போட்ட மாதிரி மங்கும். அதற்கப்புறம் அடுத்த பக்க மூக்கில் சொட்ட ஆரம்பித்தது. தலைவலியும் அன்றோடு குறைந்துவிட்டது! இரண்டாவது தடவை வேறு ஊரில் பார்த்த டாக்டர்தான் கண் டாக்டரிடமும் நரம்பு டாக்டரிடமும் சேர்த்துக் காட்டினார். இது ஏன் என்று டாக்டர் தம்பி சொல்ல முடியுமா?


ஈஎன்டி_பிஜி

இந்த இழையில் எல்லோரும் படிக்க வேண்டிய பதிவு இது.

நமக்குத் தினமும் சுமார் 500 மில்லி மூளைநீர் சுரக்கிறது. ஒரு நேரத்தில் மண்டைக்குள்ளும் முதுகுத்தண்டிலும் சேர்த்து இருப்பது 150 மில்லி அளவுதான். சுரந்துகொண்டே இருக்கும், ரத்தத்துக்குள் வடிந்துகொண்டே இருக்க வேண்டும். வடிவது தடைப்படுகிறவர்களுக்கு அழுத்தம் ஏறும். அவர்களுக்கு அந்தக் கசிவு குக்கரின் வெயிட் மாதிரி. ஆவி போய்க்கொண்டிருக்கும்வரை உள்ளே எவ்வளவு கொதிக்கிறது என்று தெரியாது. கசிகிற காலத்தில் முதுகில் ஊசி போட்டு அளந்தால் பல நேரம் அழுத்தம் சாதாரணமாகவே காட்டும். ஓட்டையை அடைத்ததும் உண்மையான அழுத்தம் வெளியே வரும். அதுதான் உங்கள் அக்காவின் தலைவலி. எலும்பின் அடுத்த மெலிந்த இடம் திறந்துகொண்டதும் தலைவலி குறைந்ததும் அதனால்தான்.

ஆகவே அடைத்தால் மட்டும் வேலை முடிந்தது என்று நினைக்கிற டாக்டரிடம் நான் யாரையும் அனுப்ப மாட்டேன். அடைத்த பிறகு அழுத்தத்தை அளக்க வேண்டும். மூளைநீர் அழுத்தத்தை ‘சென்டிமீட்டர் நீர்’ என்ற அளவில் சொல்வார்கள், 25-க்கு மேல் இருந்தால் அதிகம். கண்ணின் பின்புறம் பார்வை நரம்பு வீங்கியிருக்கிறதா என்று கண் டாக்டர் பார்க்க வேண்டும், ஆபரேஷனுக்கு முன்னாலும் பின்னாலும். அழுத்தம் அதிகம் என்றால் அசெட்டசோலமைடு கொடுப்பார்கள், கடையில் டையமாக்ஸ் என்று கிடைப்பது. அது நீரின் சுரப்பைக் குறைக்கும். எடை குறைப்பது மாத்திரை அளவுக்கே முக்கியம். தூக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டு மூச்சு நிற்கிறவர்கள் அதையும் சொல்லிவிட வேண்டும். அதற்குப் போடுகிற சிபாப் மாஸ்க்கை ஆபரேஷன் ஆன புதிதில் டாக்டர் சொல்லாமல் போடக்கூடாது. அது அழுத்தமாகக் காற்றை உள்ளே தள்ளும். மாத்திரைக்கும் எடைக்கும் அடங்காத சிலருக்கு நீரை வயிற்றுக்குள் வடியவிடுகிற ஷண்ட் குழாய் தேவைப்படும்.


கூடலூர்_தம்பி

அக்காவுக்குக் கடைசியில் ஷண்ட்தான் வைத்தார்கள். இப்போது பிரச்சினை இல்லை. முதல் தடவையே யாராவது கண்ணைப் பார்த்திருக்கலாம்.


கோத்தகிரி_மகள்

எல்லோருக்கும் நன்றி. எங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டேன். கிரிப்ரிஃபார்ம் தட்டு, வலது பக்கம். கண் டாக்டரிடம் அவரே அனுப்பினார். அம்மாவும் சம்மதித்துவிட்டார். பண்டிகைக்குப் பேரகணியில் இருக்கிற ஹெத்தையம்மன் கோயிலுக்கு அம்மா சார்பில் நாங்கள் போகிறோம் என்று சத்தியம் செய்து கொடுத்திருக்கிறோம்.

இன்னும் ஒரு சந்தேகம். ஆபரேஷன் கோவையில். டிஸ்சார்ஜ் ஆனதும் மலையேற வேண்டும். விமானத்தில் போகக்கூடாது என்று எங்கோ படித்தேன். மலைக்கு அதெல்லாம் பொருந்துமா?


ஈஎன்டி_பிஜி

பொருந்தும். மலைக்காரர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். கீழே இருக்கிற டாக்டருக்குச் சில நேரம் தோன்றாது.

ஓட்டை திறந்திருக்கும்போதும் அடைக்கும்போதும் மண்டைக்குள் கொஞ்சம் காற்று புகுந்து தங்கலாம். உயரம் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், உள்ளே சிக்கிய காற்று விரியும். கோவை சுமார் 410 மீட்டர் உயரம், குன்னூர் 1,850, உதகை 2,240. கோவையிலிருந்து உங்கள் ஊர் உயரத்துக்கு ஏறினாலே அந்தக் காற்று கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு விரியும். விமானத்துக்குள் வைத்திருக்கும் காற்றழுத்தமும் அதிகபட்சம் சுமார் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமம்தான். அதாவது உதகைக்கு வீடு திரும்புவதும் விமானம் ஏறுவதும் இந்த விஷயத்தில் ஏறக்குறைய ஒன்று. விமானத்துக்கு "சில வாரம் கூடாது" என்று சொல்கிற டாக்டர், வீடு கோத்தகிரி என்று தெரிந்தால் மலைக்கும் ஒரு கணக்கு சொல்வார்.

ஒரு துளி காற்று இருந்தால் பெரும்பாலும் தானாகக் கரைந்துவிடும். ஆபரேஷனுக்குப் பிறகு சிடி எடுத்தால் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். கீழேயே சொந்தக்காரர் வீடு இருந்தால் முதல் செக்கப் முடிகிறவரை அங்கே தங்குவது நல்லது. ஏறும்போது காது அடைத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஊதிக் காதைத் திறக்கவே கூடாது, அந்த அழுத்தம் நேராக ஒட்டில் போய் முட்டும். எச்சில் விழுங்கச் சொல்லுங்கள்.


மலைரயில்

ரூட் பற்றி நான் சொல்கிறேன், வண்டி ஓட்டுகிறவன். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ரோடு சுமார் 33 கிலோமீட்டர், குன்னூர் ரோட்டைவிட நெரிசல் குறைவு. சீசனில் குன்னூர் பக்கம் சுற்றவே வேண்டாம். நோயாளியை முன்சீட்டில் சாய்த்து உட்கார வையுங்கள். வாந்தி வருகிற ஆள் என்றால் வாந்திக்கு மாத்திரை முன்னாலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வளைவில் குமட்டி வாந்தி எடுத்தால் தலைக்கு நல்லதா என்ன?


தியேட்டர்_சிஸ்டர்

மலைரயில் தம்பி சரியாகப் பிடித்தார். முக்குவது, இருமுவது, வாந்தி எடுப்பது எல்லாமே அழுத்தம்தான். தும்மல் வந்தால் அடக்கக்கூடாது, வாயை ஆவென்று திறந்துகொண்டு தும்ம வேண்டும். மலச்சிக்கல் வரவிடக்கூடாது. வலிக்குக் கொடுக்கிற மாத்திரைகளே சிலருக்குக் கட்டிவிடும், ஆகவே இளக்குகிற மருந்தைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் வீட்டில் தரையில் உட்காருகிற கழிப்பறையா? ஒரு கம்மோட் நாற்காலி வாங்கிவிடுங்கள். தலையணையை உயர்த்தி, தலை 30 டிகிரி மேலே இருக்கிறபடி படுக்க வேண்டும்.

அடுப்புப் புகைக்கும் தூரமாக வையுங்கள். விறகடுப்பில் ஊதாங்குழலால் ஊதுவது கூடவே கூடாது. இதை எந்த டிஸ்சார்ஜ் சீட்டிலும் எழுத மாட்டார்கள்.


காரமடை_கணக்கு

செலவு பற்றி யாரும் பேசவில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. ஆஸ்பத்திரியில் அந்தத் திட்டத்துக்கென்று தனி கவுண்டர் இருக்கும். அட்மிஷனுக்கு முன்பே நோயின் பெயர், எம்ஆர்ஐ, பீட்டா-2 ரிப்போர்ட் எல்லாவற்றையும் கொடுத்து முன் அனுமதி வாங்கச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு போய்க் கேட்டால் அலைய வேண்டிவரும். அட்டை இல்லையென்றால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஈஎன்டி பிரிவில் காட்டிப் பாருங்கள். உதகையிலும் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, முதலில் அங்கே விசாரிப்பது உங்களுக்குப் பக்கம்.


வெலிங்டன்_அக்கா

ஃபைப்ரின் பசை, மூக்கில் வைக்கிற பஞ்சு மாதிரி சில சாமான்களுக்கு என்னிடம் தனியாகப் பில் போட்டார்கள். அதெல்லாம் திட்டத்துக்குள் வருமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.


கோத்தகிரி_மகள்

ஆபரேஷன் முடிந்தது. அம்மா நன்றாக இருக்கிறார். தொடையிலிருந்து துண்டு எடுத்து, மேலே மூக்குச் சவ்வு வைத்திருக்கிறார்கள். பஞ்சை எடுத்தாயிற்று. குனியச் சொல்லிப் பார்த்தார்கள், ஒரு சொட்டு இல்லை. சிடியில் காற்று மிகக் கொஞ்சம் இருப்பதாகச் சொல்லி, அடுத்த செக்கப் வரை மலையேற வேண்டாம் என்றார்கள். மேட்டுப்பாளையத்தில் சித்தி வீட்டில் இருக்கிறோம். வெயில் தாங்கவில்லை என்று அம்மா புலம்பல்.

கூடலூர் அண்ணா எழுதியதைப் படித்ததால் அழுத்தத்தை அளப்பீர்களா என்று நாங்களே கேட்டோம். ஏற்கெனவே திட்டத்தில் இருக்கிறது என்றார் டாக்டர். 29 வந்தது. டையமாக்ஸ் ஆரம்பித்திருக்கிறார்கள். கண் நரம்பில் லேசான வீக்கம். விரல் நுனியெல்லாம் எறும்பு ஊருகிறது என்கிறார், சித்தப்பா வாங்கிக்கொடுத்த கோலி சோடா கசக்கிறதாம், அடிக்கடி சிறுநீர் போகிறது. இதெல்லாம் மாத்திரையாலா?


ஈஎன்டி_பிஜி

மாத்திரையால்தான். விரல் மதமதப்பும் சோடாவின் ருசி கெடுவதும் இந்த மருந்துக்கே உரியவை. அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பொட்டாசியம் குறையலாம், சிலருக்குச் சிறுநீரகக் கல் வரலாம், அதனால் ரத்தப் பரிசோதனைக்குச் சொன்ன தேதியைத் தவறவிடாதீர்கள். தண்ணீர் நன்றாகக் குடிக்கட்டும். கண் வீக்கம் குறைகிறதா என்று பார்க்கிற செக்கப், மூக்கு செக்கப்பைவிட முக்கியம். மூக்கு நன்றாக இருக்கிறதே என்று அதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு.


பனிமூட்டம்

அம்மா தேறியதில் சந்தோஷம். 29-க்கு உடம்பு எடை எவ்வளவு குறைய வேண்டும் என்று ஏதாவது கணக்கு இருக்கிறதா?


ஈஎன்டி_பிஜி

முதல் இலக்காக உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் என்பார்கள். சிலருக்கு அதற்கு மேலும் தேவைப்படும். பட்டினி கிடந்து அவசரமாகக் குறைக்க வேண்டாம். ஆபரேஷன் காயம் ஆறட்டும்.


கோத்தகிரி_மகள்

கடைசியாக ஒன்று. அம்மா தினமும் கேட்கிறார், எப்போது தோட்டத்துக்குப் போகலாம் என்று. கொழுந்து முற்றுகிறதாம்.


தியேட்டர்_சிஸ்டர்

கனம் தூக்காமல் இருக்க வேண்டிய காலம் நாலு முதல் ஆறு வாரம் என்று பொதுவாகச் சொல்வோம். ஐந்து கிலோவுக்கு மேல் கூடாது, ஒரு குடம் தண்ணீரே அதைவிட அதிகம். கொழுந்து மூட்டை இருபது முப்பது கிலோ வரும், அதை முதுகில் ஏற்றிச் சரிவில் இறங்குவதற்கு டாக்டர் வாயால் சரி சொன்ன பிறகுதான் போக வேண்டும். முதலில் வெறுங்கையோடு தோட்டத்தில் நடக்கட்டும். அப்புறம் நின்றுகொண்டே பறிப்பது, மூட்டையைத் தூக்குவது வேறு யாராவது. இந்தச் சுற்றுக்கு ஆள் வைத்துப் பறித்துவிடு மகளே, கூலி போனால் போகட்டும்.